கமர்ஜஹானின் தழும்பு நோட்டு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வழக்கில் நான் கமர்ஜஹானுக்குச் சொன்ன யோசனைகள் அத்தனையும் தப்பு. சமாதானமாகப் போய்விடு என்றேன், வக்கீல் வைத்துக்கொள் என்றேன், கோர்ட்டில் வாயைக் குறைத்துக்கொள் என்றேன். மூன்றையும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்றைக்கு என் கடைக்குப் பக்கத்தில் யாராவது செல்போன் கவர் விற்றுக்கொண்டிருப்பார்கள்.

திண்டுக்கல் வத்தலக்குண்டு ரோட்டில் எங்கள் இரண்டு கடைகளுக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் சோலைமுத்து ஜெராக்ஸ், அதாவது நான். ஜெராக்ஸ், டைப்பிங், மனு எழுதுவது, லேமினேஷன் எல்லாம் உண்டு. அந்தப் பக்கம் கமர் செல்லப்பிராணி இல்லம். நாய், பூனைகளுக்குக் குளியல், முடி வெட்டு, நகம் வெட்டு. ஊருக்குப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போனால் வைத்துப் பார்த்துக்கொள்ளவும் செய்வார். கடைக்குப் பின்னால் ஒரு முற்றம், முற்றத்தைச் சுற்றி கம்பி வலை போட்ட அறைகள்.

அவர் கடை திறந்த முதல் வருடம் எனக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. நாய் முடி பறந்து வந்து என் மெஷின் கண்ணாடியில் ஒட்டும். யாருடைய ஆதார் கார்டை நகல் எடுத்தாலும் முகத்தில் மீசை முளைத்திருக்கும். கட்டிட உரிமையாளர் சௌகத் அலியிடம் நானே இரண்டு தடவை புகார் சொன்னேன். கமர் சண்டைக்கு வரவில்லை. மறுநாளே சுவருக்கு மேலே கொசுவலை அடித்துவிட்டு, "இனி முடி வந்தா சொல்லுங்கண்ணே, நானே வந்து தொடைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது?

கமர் பேகம்பூர்க்காரர். அவருடைய அத்தா, தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிறவராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். தோலைக் கையால் தடவியே இது முள் கீறியது, இது உண்ணி கடித்தது, இது கயிறு உரசியது என்று பிரித்துப் போடுவாராம். மதியச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் மகளும் உட்கார்ந்து தடவிப் பார்த்திருக்கிறார். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு தனியார் கால்நடை டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தார். பதினோரு வருடம் பிராணிகளைப் பிடித்துக்கொடுக்கும் வேலை. டாக்டர் கோயம்புத்தூருக்குப் போனதும் இந்தக் கடையைப் போட்டார்.

அக்கா பாத்திமாவுக்கு அது பிடிக்கவில்லை. நாயைத் தொட்ட கையில் டீ குடிக்க மாட்டேன் என்று இரண்டு வருடம் தங்கை வீட்டில் வாய் நனைக்கவில்லை. கமர் தினம் கடையில் குளித்து, வேறு துணி மாற்றி, அதன் பிறகுதான் வீட்டுக்குள் போவார், தொழுவார். அக்காவிடம் ஒரே ஒரு தடவை சொன்னாராம்: "அல்லாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். டீ ஆறிப்போகுது, அதுக்கு நீ பதில் சொல்லு." பாத்திமா சிரித்துவிட்டார், டீயும் குடித்தார். கமரின் கணவர் அப்துல் ஹக்கீம் பிரியாணி மாஸ்டர், அதிகம் பேசாத மனிதர்.

கமரிடம் ஒரு நோட்டு உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எந்தப் பிராணி வந்தாலும் பேர் கேட்பதற்கு முன்னால் தலையிலிருந்து வால் வரை தடவுவார். காயம், தழும்பு, காய்ப்பு, முடி உதிர்ந்த இடம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார். எந்த இடம், என்ன மாதிரி, பழசா புதுசா. போனில் படம் எடுப்பார். கடைசியில் கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்குவார். ஒருமுறை ஒரு பூனையின் பழைய காயத்தைப் புதுக் காயம் என்று ஒருவர் ரோட்டில் நின்று கத்தியதிலிருந்து வந்த பழக்கம். "பொண்ணு பாக்க வந்தவங்க கூட இம்புட்டுப் பாக்க மாட்டாங்க" என்று நான் கேலி செய்வேன். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

போன வருடத்துக்கு முந்தின வருடத் தைப்பூசம். பழனிக்கு நடக்கிற கூட்டம் ஊரை நிறைத்துக்கொண்டு போனது. அப்போது ஒரு ஷேர் ஆட்டோ கமர் கடை வாசலில் நின்றது. பச்சைச் சேலையும் கழுத்தில் மாலையுமாக ஓர் அம்மா இறங்கினார், கூடவே காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி, அதற்குப் பின்னால் ஒரு வெள்ளாடு. அந்த அம்மா மூக்காயி, சின்னாளபட்டிப் பக்கம் கிராமம், மல்லிகைத் தோட்டக்காரர். பெண் தமிழ்மதி, காந்திகிராமத்தில் படிக்கிறவள். ஆட்டின் பேர் வெள்ளச்சி.

குட்டியாக விழுந்த அன்றே தாய் செத்துப்போக, மூக்காயி பால் பாட்டில் வைத்து வளர்த்த ஆடு அது. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் படுக்கும். வருடா வருடம் பழனி போகும்போது பக்கத்து வீட்டில் விட்டுப் போவார்கள். அந்த வருடம் பக்கத்து வீடும் மாலை போட்டுவிட்டது. தமிழ்மதி போனில் தேடி இந்தக் கடையைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஆட்டைத் தங்கவைப்பது கமருக்கும் புதுசுதான், ஆனாலும் சரி என்றார். பிரியாணி மாஸ்டர் வீட்டிலா ஆட்டைப் பத்திரமாக விட்டுப் போகிறார்கள் என்று நான் ஹக்கீமைச் சீண்டினேன். "அது ஆடு இல்லண்ணே, விருந்தாளி" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு அகத்திக்கீரை வாங்கப் போனார்.

அதே சாயங்காலம் ஒரு கார் வந்தது. தேங்காய் மண்டி ஈஸ்வரன். நத்தம் பக்கம் தென்னந்தோப்பும் ஆள் அம்பும் உள்ள மனிதர். அவரும் பழனிக்குத்தான், காரில். அவர் நாய் கருப்பன் என்கிற கன்னி நாய். வேட்டைக்கென்றே பிறந்த சாதி, ஒல்லியாக, நெடுநெடுவென்று நின்றது.

நான் அச்சடித்துக் கொடுத்த படிவத்தில் மூன்று கேள்விகள் உண்டு. கடிக்குமா? மற்ற பிராணிகளோடு பழகுமா? அவிழ்த்து விடலாமா? ஈஸ்வரன் தன் கைப்பட எழுதினார்: கடிக்காது, பழகும், விடலாம். கமர் நாயைத் தடவிப் பார்த்தார். முன்னங்கால் இரண்டிலும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, முன்பக்கம் மட்டும், முடி இல்லாமல் தோல் காய்த்திருந்தது. என்ன என்று கேட்டார். சொறி வந்து போனது என்றார் ஈஸ்வரன். கமருக்கு அது சொறி மாதிரி தெரியவில்லை. ஆனால் வேறு என்னவென்றும் தெரியவில்லை. "முன்னங்கால் இரண்டிலும் காய்ப்பு, பழசு, சொறி என்கிறார்" என்று எழுதிப் படம் எடுத்துக்கொண்டார். ஈஸ்வரன் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். ஒவ்வொரு பிராணியையும் முறை வைத்து முற்றத்தில் தனியாக உலவ விடுவது கமரின் வழக்கம். கருப்பனின் முறை வந்தது, அவிழ்த்து விட்டார். வெள்ளச்சி தன் அறையில் நெஞ்சு உயர வலைக்குப் பின்னால் கீரை தின்றுகொண்டிருந்தது. நாய் ஒரு சுற்றுச் சுற்றியது, நின்றது, ஒரே தாவு. சத்தம் கேட்டு நான் ஓடினேன். வாசல் வரைக்கும்தான். உள்ளே போகக் கால் வரவில்லை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கமர் உள்ளே போனார். ஆட்டின் பின்னங்காலைக் கவ்வியிருந்த வாய்க்குள் தன் கையையே கொடுத்துப் பிரித்தார். அவர் கையில் ஆறு தையல். ஆட்டுக்கு இடது பின்னங்கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கால்நடை ஆஸ்பத்திரியில் அதை எடுத்தால்தான் உயிர் என்றார்கள். தன் கைக்குக் கட்டுப் போடுவதற்கு முன்னாலேயே இரண்டு பேருக்கும் போன் செய்து நடந்ததை நடந்தபடி சொன்னவர் கமர்தான்.

மூக்காயி ஒட்டன்சத்திரம் தாண்டியிருந்தார். நடையைப் பாதியில் விட்டு, மாலையோடு பஸ் ஏறி வந்தார். அவர் கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கமரைப் பார்த்து ஒரே வார்த்தைதான் கேட்டார்.

"உன்னைய நம்பித்தானத்தா விட்டுட்டுப் போனேன்?"

கமர் கட்டுப் போட்ட கையால் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தார்.

ஈஸ்வரன் வந்தார், நாயைக் காரில் ஏற்றினார். பார்த்துக்கொள்ளத்தானே உன்னிடம் விட்டேன், பார்க்கத் துப்பில்லாதவள் எதற்குக் கடை வைத்தாய் என்று ரோட்டில் போகிறவர்கள் நின்று கேட்கும்படி சொன்னார். அதோடு விடவில்லை. இந்தக் கடையில் பட்டினி போட்டு நாயை வெறியேற்றுகிறார்கள் என்று வாட்ஸப்பில் பேசி அனுப்பினார். அது ஊர் முழுக்கச் சுற்றி என் போனுக்கே நாலு பக்கத்திலிருந்து வந்தது. இரண்டு வாரத்தில் கமரின் அறைகள் காலி. அதன் பிறகு மூக்காயி, இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீலை வைத்து முன்சீப் கோர்ட்டில் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். முதல் பிரதிவாதி கமர்ஜஹான், இரண்டாவது ஈஸ்வரன்.

சௌகத் அலி நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் பயம். உங்கள் மேல் தப்பு என்று தீர்ப்பு வந்தால் கடையைக் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆக, விஷயம் இதுதான்: கமர் கவனக்குறைவாக இருந்தார் என்று நீதிபதி ஒரு வரி எழுதினால் கடை போச்சு. நாற்பத்தாறு வயதில் வேறு எங்கே போய் என்ன செய்வது? பேர் கெட்ட பிறகு யார் வீட்டு நாய் வரும்?

இந்த நேரத்தில்தான் ஈஸ்வரன் ஆள் அனுப்பினார். கடைக்காரி தப்பை ஒப்புக்கொள்ளட்டும், ஆட்டுக்காரிக்கு ஆக வேண்டியதை நான் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று. எனக்கு அது நல்ல வழியாகத் தெரிந்தது. ஆகவேதான் கமரிடம் போய் சமாதானம் பேசினேன்.

"செய்யாத தப்ப ஒத்துக்கிட்டா, நாளைக்கு அந்த நாய் வேற ஆட்டக் கடிக்கும்போது யாருண்ணே கேப்பா?" என்றார் கமர்.

சரி, வக்கீலாவது வை என்றேன். உனக்கும் சட்ட உதவி உண்டு, பெண்களுக்கு இலவசம் என்றும் எடுத்துச் சொன்னேன். அன்றைக்கு நாயின் வாய்க்குள் கை விட்டது நான், வக்கீல் இல்லை, நானே பேசிக்கொள்கிறேன் என்று முடித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இருந்தாலும் அவருடைய பதிலுரையை டைப் செய்து கொடுத்தவன் நான்தான். அதில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: வலை நாலடி உயரம்தான் இருந்தது, இப்போது ஆறடி ஆக்கிவிட்டேன். ஏம்மா, நம் கழுத்தை நாமே நீட்டுவதா, அதை எழுதாதே என்று தலையில் அடித்துக்கொண்டேன். இருந்ததைத்தானே சொல்கிறேன் என்று எழுத வைத்துவிட்டார்.

ஈஸ்வரன் தரப்பு கெட்டிக்காரத் தரப்பு. அவருடைய வக்கீல் சொன்னது இவ்வளவுதான்: நாய்க்குக் கெட்ட குணம் இருப்பது தெரிந்தும் மறைத்திருந்தால்தான் எங்கள் கட்சிக்காரர் பொறுப்பு. அவருக்கு அப்படி எதுவும் தெரியாது, அந்த நாய் ஒரு கோழிக்குஞ்சைக்கூடத் தொட்டதில்லை. ஆகவே பொறுப்பு பார்த்துக்கொள்ள வாங்கிக்கொண்ட கடைக்குத்தான். ஈஸ்வரனுக்குத் தெரியும் என்று எப்படி நிரூபிப்பது? மனுசன் மனசுக்குள் இருப்பதை எந்த மெஷினில் நகல் எடுப்பது? நான் கடை காலியாகிவிடும் என்றே நினைத்துவிட்டேன். புதிதாக வருகிறவன் எப்படிப்பட்டவனோ என்றுகூட ஒருநாள் யோசித்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

வழக்கு ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. கமர் தன் நோட்டின் பக்கத்தையும் போனில் எடுத்த படங்களையும் ஆதாரமாகக் கொடுத்தார். எதிர்த்தரப்புகளுக்கும் நகல் போக வேண்டும். அந்தக் காலை அந்தப் படங்களைக் கலரில் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மூக்காயி கடைக்குள் வந்தார், ரேஷன் கார்டு நகல் எடுக்க. பக்கத்துக் கடையில் கமர் இருப்பது தெரிந்துதான் வந்திருந்தார். ஆனாலும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. ஒரு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. கோர்ட் வராந்தாவில்கூட ஆளுக்கொரு மூலை.

மூக்காயிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. மேஜை மேல் கிடந்த படத்தை ஒரு கையால் எடுத்தார், வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இது அந்த நாயி காலா?"

ஆமாம் என்றேன்.

"ஏப்பா, இது கட்ட கட்டுன நாயாச்சே!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் விளக்கினார். ஆடு மாடு வளர்க்கிற ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதியாம். அடுத்தவர் பட்டியில் புகுந்து ஆட்டைக் கடித்துப் பழகிய நாய்க்குக் கழுத்தில் கயிறு போட்டு ஒரு கட்டையைத் தொங்கவிடுவார்கள். நடந்தால் ஒன்றும் செய்யாது. ஓடினால் கட்டை முன்னங்காலில் இடிக்கும், நாய் நின்றுவிடும். மாதக்கணக்கில் இடித்து இடித்து அந்த இடத்தில் முடி போய்க் காய்த்துவிடும். சும்மா இருக்கிற நாய்க்கு யாரும் கட்டை கட்ட மாட்டார்கள். ஊர் கூடி, கட்டு, இல்லாவிட்டால் நாயைக் கொன்றுவிடுவோம் என்று சொன்னால்தான் கட்டுவார்கள்.

நான் ஓடிப்போய்க் கமரைக் கூட்டிவந்தேன். அந்தக் காய்ப்பை ஒரு வருடமாகப் பார்த்துப் பார்த்து என்னவென்று தெரியாமல் தவித்தவர் அவர். தோலில் இருப்பது இடி பட்ட காய்ப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது, எது இடித்தது என்று தெரியவில்லை. தோல் ஷாப்பில் செத்த பிராணிதானே வரும், கழுத்துக் கட்டை அங்கே வராதே. மூக்காயிக்கோ கட்டையைத் தெரியும், ஆனால் அந்த நாயின் காலை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. இரண்டு பேரும் என் மேஜைக்கு இரண்டு பக்கமும் நின்று ஒரே படத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கமர்தான் முதலில் பேசினார். "எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா அந்த நாய வாசப்படி ஏத்தியிருக்க மாட்டேன்."

மூக்காயி அவருடைய கைத் தழும்பைப் பார்த்தார். படத்தின் ஒரு நகலை மடித்து முந்தியில் முடிந்துகொண்டு போனார். அடுத்த வாரமே நத்தம் பக்கம் ஆடு மேய்க்கிறவர்களிடையே விசாரித்து, ஈஸ்வரன் தோப்புக்குப் பக்கத்தில் மாயம்மாள் என்ற பெண்ணைப் பிடித்துவிட்டார். மூன்று குட்டிகளை அந்த நாய்க்குப் பறிகொடுத்தவர் அவர். கட்டை கட்டச் சொல்லி ஊரைக் கூட்டியதும் அவர்தான். கோர்ட்டுக்கு வந்து சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். வழக்குப் போட்டவர் முதல் பிரதிவாதிக்குச் சாட்சி பிடித்துக் கொடுத்ததை நான் என் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை.

ஈஸ்வரன் கூண்டில் ஏறிய நாளன்று நான் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தேன். அவருடைய வக்கீல் கேட்டதற்கெல்லாம் கணக்காகப் பதில் சொன்னார். நாய் சாது, காலில் இருந்தது சொறி. மூக்காயியின் வக்கீல் கட்டையைப் பற்றிக் கேட்டார். கட்டையா, அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். மாயம்மாள் ஒருத்தி சொல்வதை எத்தனை தூரம் எடுத்துக்கொள்வார்கள், முன்பகை என்று தள்ளிவிட மாட்டார்களா?

அடுத்து கேள்வி கேட்கக் கமரின் முறை. கையில் நோட்டைக்கூட எடுக்கவில்லை.

"கருப்பனுக்கு யாருங்கய்யா சோறு வைப்பா?"

"நாந்தான். வேற யாரு வச்சாலும் திங்காது." அதைச் சொல்லும்போது ஈஸ்வரன் முகத்தில் ஒரு பெருமை வந்தது. அது நடிப்பில்லை. மனிதருக்கு அந்த நாய் மேல் உண்மையிலேயே உயிர்.

"அம்புட்டுப் பிரியமா வளத்த நாயி. காலு ரெண்டும் இடிபட்டுப் புண்ணாயிக் காய்ச்சுப் போயிருக்கு. நான் தடவிப் பாத்தப்ப அந்த எடத்துல கை பட்டாலே ஒடம்பு நடுங்குச்சு. இம்புட்டு வலிக்க விட்டுட்டுப் பாத்துக்கிட்டா இருந்தீங்க? உங்களுக்கு மனசே கெடையாதா?"

ஈஸ்வரன் முகம் சிவந்தது. அவருடைய வக்கீல் எழுந்திருக்கப் போனார், அதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

"எனக்கா மனசு இல்ல? வேப்பங்கட்டை கனமா இருக்குன்னு மாத்தி முருங்கைக் கட்டை போட்டவன்மா நான். டெய்லி வேப்பெண்ண தடவுனது யாரு, நீயா?"

வக்கீல் மெதுவாக உட்கார்ந்தார். நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எதற்காகக் கட்டை என்று ஈஸ்வரனைக் கேட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, ஆட்டுக்குட்டிகளைக் கடித்துவிட்டதென்று ஊரில் கட்டச் சொன்னார்கள், பழனி போகிற அன்று காலையில்தான் அவிழ்த்தேன், கட்டையோடு விட்டால் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்களே என்றார். கடைசிப் பகுதி காதில் விழாத அளவுக்குத்தான் வந்தது. நீதிபதி அதைத் திரும்பச் சொல்லவைத்து எழுதிக்கொண்டார்.

எனக்கு எழுந்து நின்று விசில் அடிக்க வேண்டும் போல் இருந்தது. கோர்ட்டாக இருந்ததால் தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தால் மாயம்மாள் சாப்பாட்டுத் தூக்கோடு வராந்தாவில் நிற்கிறார். இனி உங்களைக் கூப்பிடத் தேவை இருக்காது என்று தமிழ்மதி சொன்னதும் அவருக்கு ஆத்திரமான ஆத்திரம். ஒரு வாரமாகச் சொல்ல வேண்டியதை ஆடுகளிடம் சொல்லிப் பழகி வைத்திருந்தாராம். என்னையும் கமரையும் உட்காரவைத்து முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

தீர்ப்பு நாளன்று கமர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நாயின் குணம் தெரிந்தும் மறைத்துப் பொய் எழுதிக் கொடுத்த இரண்டாம் பிரதிவாதியே முழு இழப்பீட்டுக்கும் பொறுப்பு என்று நீதிபதி வாசித்தார். முதல் பிரதிவாதி கேட்க வேண்டியதைக் கேட்டார், பார்க்க வேண்டியதைப் பார்த்தார், பார்த்ததை எழுதி வைத்தார். வலையின் உயரத்தை அவரே முன்வந்து சொன்னார். சாதுவென்று எழுதிக் கொடுக்கப்பட்ட நாய்க்கு அந்த வலை போதும் என்று நினைத்ததில் தவறில்லை. உயிரைப் பொருட்படுத்தாமல் ஆட்டையும் காப்பாற்றினார். அவர் மீது கவனக்குறைவு எதுவும் நிரூபிக்கப்படவில்லை. நான் எழுதாதே என்று தலையில் அடித்துக்கொண்ட அந்த நாலடி வரி தீர்ப்பில் அவருக்குச் சாதகமாக வந்து நின்றது. அன்றிலிருந்து யாருக்கும் யோசனை சொல்வதைக் குறைத்துக்கொண்டேன்.

நகல் கைக்கு வந்ததும் அந்தப் பக்கத்தை மட்டும் பெரிதாக எடுத்து, லேமினேஷன் போட்டு, கமர் கடை வாசலில் நானே ஆணி அடித்து மாட்டினேன். சௌகத் அலி வந்து நின்று இரண்டு தடவை வாசித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் வாசித்தார். அன்று ஹக்கீம் தெருவுக்கே பிரியாணி போட்டார். எல்லோரும் மட்டனை எதிர்பார்த்து வந்தோம், அண்டாவைத் திறந்தால் கோழி. "இன்னைக்கு ஆட்டுக்கு மரியாதை" என்றார். பாத்திமா தங்கை கையால் டீ வாங்கிக் குடித்துக்கொண்டே தீர்ப்பை வாசிக்காத ஒரு ஆளையும் அந்தப் பக்கம் போக விடவில்லை. ஒரு மாதத்தில் அறைகள் நிரம்பின. படிவத்தில் நாலாவதாக ஒரு கேள்வி சேர்த்து அச்சடித்துக் கொடுத்தேன்: எப்போதாவது கழுத்தில் கட்டை கட்டியதுண்டா?

இந்த வருடத் தைப்பூசத்துக்கு ரோட்டில் பச்சைச் சேலைக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. கமர் கடை வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. மூக்காயி இறங்கினார், கழுத்தில் மாலை. அவருக்குப் பின்னால் மூன்று காலில் ஒரு குதி குதித்து வெள்ளச்சி இறங்கியது. பாதியில் விட்ட நடையை முடிக்கப் போகிறேன், இவளை விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டார் மூக்காயி. கமர் தலையை ஆட்டிவிட்டு நோட்டை எடுத்தார்.

பிறகு வழக்கம்போல உட்கார்ந்து ஆட்டைத் தடவினார். காதில் பழைய கிழிசல், எழுதினார். கழுத்து சுத்தம், எழுதினார். கை இடது பின்னங்காலுக்கு வந்தது. தைத்து ஆறிய முனையில் விரல் நின்றது, பேனா நகரவில்லை. நான் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்காயி கமருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்தத் தழும்புக் கையின் மேல் தன் கையை வைத்தார்.

"எழுதிக்கத்தா," என்றார். "பழசுன்னு எழுதிக்க."